சகலையின் வலது காது

சகலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சாயங்காலம். கோயிலின் வெளிப்பிரகாரத்தில் வெயில் இறங்கியிருந்தது. கருங்கல் தரையில் மட்டும் சூடு மிச்சம் இருந்தது. அவர் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து, இடது காதை ஆள்காட்டி விரலால் அடைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். காதோர முடியிலும் சட்டைத் தோளிலும் வைக்கோல் துரும்பு ஒட்டியிருந்தது. காது வலி போலிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் போய், "சகல" என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் வந்ததே தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தோளைத் தொட்டேன். அவர் திடுக்கிட்டு என் கையை அப்படியே இறுகப் பிடித்துக்கொண்டார். கிணற்றில் விழப்போகிறவன் பிடிக்கிற பிடி அது. அந்தப் பிடியில் அவரைவிட நான்தான் அதிகமாகப் பயந்துபோனேன்.

என் மனைவியும் அவர் மனைவியும் கூடப்பிறந்தவர்கள். அவர் எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம், நான் வேப்பூர்ப் பக்கம். ஒரே வீட்டில் பெண் எடுத்ததால் ஒருவருக்கொருவர் சகலை ஆனோம். அவர்தான் என்னை விருத்தாசலத்துக்கு அழைத்து வந்து, பீங்கான் பேட்டையில் தான் வேலை பார்த்த சின்னக் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டார். ஃபியூஸ் கட்டையும் மின்கம்பத்துக்கான பீங்கானும் செய்கிற கம்பெனி. எனக்குச் சூளைக்குள் சாமான் அடுக்குகிற வேலை. அவருக்குப் பால் மில்லில் வேலை. பால் மில் என்பது குடிக்கிற பாலுக்கானதல்ல, பெரிய இரும்பு உருளை. உள்ளே உருண்டைக் கற்கள் கிடக்கும். வெள்ளைக்கல்லையும் மண்ணையும் அதில் கொட்டிச் சுற்றவிட்டால் மாவாக அரைபடும். அது ஓடும்போது அந்தக் கொட்டகையில் யாரும் பேசிக்கொள்ள முடியாது, கையைத்தான் காட்டவேண்டும். கல்லைக் கொட்டுகிற இடத்தில் தூசி எழும்பி ஆளையே மறைத்துவிடும். அதற்குள்ளிருந்து சகலை சிரித்துக்கொண்டே வருவார். கண்ணும் பல்லும்தான் தெரியும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. டீ வேண்டும் என்று கேட்பதற்குக்கூடக் கடைக்காரர் என்னைப் பார்க்கும்வரை நின்றுகொண்டிருப்பேன். எனக்கும் சேர்த்து அவர்தான் பேசுவார். "எங்க சகலைக்கு ஒரு டீ போடுப்பா. பொண்ணு பாக்க வந்தப்பவே அவரு பேசல. பொண்ணுதான் பேசி முடிச்சுது" என்பார். கடையே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும். என்னைக் கேலி செய்தாலும் என்னை யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

முதலில் இருமல்தான் வந்தது. மழைக்காலத்தில் வந்த இருமல் கோடையிலும் நிற்கவில்லை. வேகமாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்தவர், மேடு வந்தால் இறங்கித் தள்ளினார். பிறகு தள்ளுவதற்கும் நின்று நின்று போனார். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சகலை சொன்னார். டாக்டர் படத்தை மேசையில் வைத்தார். பிறகு, கல் தூசி நுரையீரலில் படிந்திருக்கிறது, படிந்தது இனி வெளியே வராது, மாத்திரையால் இழுப்பைக் குறைக்கலாம், அந்த வேலையை விட்டுவிடுங்கள் என்று நிதானமாகச் சொன்னார். நான் சகலையின் பின்னால் நின்று அந்தப் படத்தைப் பார்த்தேன். விலா எலும்புகளுக்கு நடுவே, சலித்த மாவைத் தூவியது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பார்த்தது அவர் நெஞ்சை, நினைத்தது என் நெஞ்சை. ஒரே கூரை, ஒரே காற்று. அவருக்குப் போனது எனக்குப் போகாமல் இருக்குமா?

வெளியே வந்ததும் யாருக்கும் தெரியாமல் மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தேன். அவர் கவனித்துவிட்டார்.

"என்னா சகல, ஒனக்கும் உள்ள மில்லு ஓடுதான்னு பாக்கறியா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அவரை மில்லிலிருந்து எடுத்து, சாமான்களை வைக்கோல் வைத்துக் கட்டுகிற இடத்தில் உட்காரவைத்தார்கள். அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வந்தார். மனக்குறையை மனுவாக எழுதி முருகன் சந்நிதியில் கட்டிவிட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"யாரு மேல பிராது குடுத்த? மொதலாளி மேலயா, வெள்ளக்கல்லு மேலயா?" என்று கேட்டார் சகலை.

"ஒங்க வாய் மேல" என்றார் அண்ணி. சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய் அழுதார்.

அந்த நாட்களில்தான் சகலை வேலை முடிந்ததும் ஊர் நடுவே இருக்கிற பெரிய சிவன் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார். விருத்தாசலத்தில் உயிரை விடுகிறவர்களுக்கு மறுபடியும் பிறப்பில்லை என்பார்கள். கடைசி மூச்சு விடும் நேரத்தில் அம்மன் வந்து முந்தானையால் விசிறுவாளாம். சாமி குனிந்து வலது காதில் ஐந்தெழுத்தைச் சொல்வாராம். அதனால் இங்கே ஒருவர் கடைசியாகக் கிடக்கும்போது, வீட்டு மனிதர் ஒருவர் வலது காதுப் பக்கம் உட்கார்ந்து நமசிவாய, நமசிவாய என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பிழைக்க வந்த எங்களுக்கும் இந்த ஊரில் இருப்பதில் ஒரு நிம்மதி உண்டு. எப்படி வாழ்ந்தாலும் போகிற வழி சரியாக இருக்கும் என்ற நிம்மதி.

என் கையைப் பிடித்துக்கொண்ட அந்தச் சாயங்காலம், மூச்சு நிதானத்துக்கு வந்த பிறகு அவர் சொன்னார்.

"சகல, ஒன்னு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்கு வலது காது கேக்காது. துளி கூட கேக்காது. மில்லு தின்னுடுச்சு."

அப்போதுதான் எனக்குப் பல சங்கதிகள் புரிந்தன. நடக்கும்போது எப்போதும் என்னைத் தன் இடது பக்கத்தில் விட்டே நடப்பார். டீக்கடை பெஞ்சில் வலது கோடியில்தான் உட்காருவார். அது அவர் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

"அதுக்கு என்னாங்க? ஒரு காது கேக்குதே" என்றேன்.

"நீ புரிஞ்சுக்கல. சாமி வந்து வலது காதுலதானே சொல்லுவாரு? எனக்குச் சொன்னா செவுத்துக்குச் சொன்ன மாதிரிதானே?"

சிரிக்கக் கூடாது என்று சொன்னவர் தானே சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கண்ணில் அப்படி ஒரு பயம். டாக்டர் சொன்னபோதுகூட நான் அதைப் பார்க்கவில்லை. சாவதற்குப் பயந்தவராக அவர் தெரியவில்லை. செத்த பிறகு வழி தெரியாமல் நிற்கப் பயந்தவராகத் தெரிந்தார்.

"சாமிக்குத் தெரியாதாங்க?"

"ஓதுவாரு ஐயாவும் அப்படித்தான் சொன்னாரு. சாமிக்குத் தெரியாததா, இந்தக் காதுல சொல்லுவாரு, போங்கன்னாரு. சரிங்க ஐயான்னு வந்துட்டேன். ஆனா யோசிச்சுப் பாரு. இந்த ஊர்ல செத்தவங்க எத்தினி பேரு? அத்தினி பேருக்கும் வலது காதுலயே சொல்லிப் பழகினவரு. அந்தப் பழக்கத்துல எனக்கும் அங்கியே சொல்லிட்டு அடுத்த வூட்டுக்குப் போயிட்டாருன்னா?"

அதற்கு அவரே ஒரு பதில் கண்டுபிடித்திருந்தார். வெளியிலிருந்து வருவதற்குத்தான் காது வேண்டும். உள்ளேயே இருந்துவிட்டால் யார் எந்தக் காதில் சொன்னால் என்ன? அதனால்தான் கேட்கிற காதையும் அடைத்துக்கொண்டு, வெளிச் சத்தம் எதுவும் இல்லாத இடத்தில் ஐந்தெழுத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். ஆனால் உள்ளே அமைதியாக இல்லை என்றார். காதை அடைத்தவுடன் அங்கே மில் ஓடத் தொடங்கிவிடுகிறதாம்.

"தொம்மு தொம்முன்னு ஓடுது சகல. நிறுத்த முடியல. நான் மில்ல வுட்டுட்டேன், அது என்ன வுடல. கடைசியில இதக் கேட்டுகிட்டேதான் போவணுமா?"

அதன் பிறகு நானும் அவரோடு கோயிலுக்குப் போவேன். அவரைத் தனியாக விடக்கூடாது என்று அண்ணி சொல்லியிருந்தார். அவர் தூணில் சாய்ந்து காதை அடைத்துக்கொள்வார். நான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதலில் எல்லாம் கொஞ்ச நேரத்திலேயே விரலை எடுத்துவிடுவார். நெற்றி வியர்த்திருக்கும். பிறகு ஒருநாள், மில்லை நிறுத்தப் பார்க்காமல் அதன் ஓட்டத்திலேயே எழுத்தை வைக்கத் தொடங்கினார். உருளை ஒரு தரம் சுற்றுகிற நேரத்துக்கு ஓர் எழுத்து. ந. ம. சி. வா. ய. அவர் தலை அந்தக் கணக்குக்கு லேசாக அசையும். பல வருடம் அந்த மில் பக்கத்தில் நின்ற உடம்பு, அதற்கு அந்த ஓட்டம் பாடம். உதடு அசைவதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்த இடைவெளி பழகிவிட்டது.

ஒருநாள் நானும் செய்து பார்த்தேன். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். எனக்குள் மில் ஓடவில்லை. என் மூச்சுதான் கேட்டது, அதன் அடியில் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது. அது ஒரு நொடி தயங்கியது போல் இருந்தது. அடுத்த துடிப்பு வருமா வராதா என்று காத்திருந்தேன். அவ்வளவுதான், எழுந்துவிட்டேன். எப்படி வாசலுக்கு வந்தேன் என்று தெரியாது. தேரடியில் பஸ் ஹாரனும் ஜனங்களின் பேச்சும் காதில் விழுந்த பிறகுதான் நின்றேன். சகலை மெதுவாக நடந்து வந்து சேர்ந்தார்.

"என்னா சகல, எமனப் பாத்துட்டியா? எரும மாடு எந்தக் கலரு?"

அவர் கேலியை விட்டுவிட்டு என் தோளில் கை வைத்தார். "எனக்கும் அப்படித்தான் இருந்துது. ஒன்னால ஓட முடியுது, ஓடற. என்னால ஓட முடியல, அதனால ஒக்காந்திருக்கேன்" என்றார்.

அவர் பயத்தை வென்றுவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். ஐப்பசி மழையில் ஒருநாள் மதியம் கொட்டகையில் அவருக்கு மூச்சு நின்றுபோவது போல் ஆனது. ஓடிப்போய்த் தாங்கினேன். என் சட்டையைப் பிடித்த பிடியில் பை கிழிந்து தொங்கியது. "வேணாம் சகல, எனக்கு வேணாம். சாமியும் வேணாம், எழுத்தும் வேணாம். மூச்சு குடுக்கச் சொல்லு" என்று விட்டு விட்டுச் சொன்னார். முகம் நீலமாகிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் உட்கார்ந்து பழகியவருக்கே இப்படி என்றால் எனக்கு என்ன ஆகும் என்றுதான், அந்த நேரத்திலும் நான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பிய பிறகு, நடக்க முடிந்த முதல் சாயங்காலமே கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். ஆட்டோவில் அழைத்துப் போனேன். தூணடியில் உட்கார்ந்து, "அன்னிக்கு ஒரு எழுத்து கூட வரல. பயந்தான் வந்துது. திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார். உடனே விரலைக் காதில் வைக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கடைசியில எனக்கு வரலன்னா நீ சொல்லு. எடது காதுல சொல்லு. சாமி அந்தப் பக்கம் சொல்லட்டும், நீ இந்தப் பக்கம் சொல்லு."

"அண்ணிகிட்ட சொல்லிடலாங்க. அவங்க சொல்லுவாங்க."

"அய்யய்யோ! அவ எப்பவும் எனக்கு வலது பக்கந்தான் படுப்பா. இத்தினி வருசமா ஊர்க்கதை, வூட்டுக்கதை எல்லாம் அந்தக் காதுலதான் சொல்லியிருக்கா. நானும் ம் போட்டுகிட்டே வந்துட்டேன். ஒன்னுமே கேக்கலன்னு தெரிஞ்சுதுன்னா, எமன் வர வரைக்கும் அவ காத்திருக்க மாட்டா."

நான் தலையாட்டினேன். சாகிற மனிதர் பக்கத்தில் நான் நின்றதே கிடையாது. அப்பா போனபோதுகூட வாசலிலேயே நின்றுவிட்டவன்.

"தலையாட்டாத. வாயத் தொறந்து சொல்லு. எனக்குக் கேக்கணும்" என்றார்.

"சொல்றேங்க" என்றேன்.

மாசி மகம் முடிந்து, திருவிழாக் கடைகளைப் பிரித்துக்கொண்டிருந்த சமயம். காலைப் பொழுதில் என் மனைவி சூளைக் கொட்டகைக்கே ஓடி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினேன். கைகால் எல்லாம் மாவாகவே போய் நின்றேன். ஒற்றை அறை வீடு. கீழே பாயில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். இடது பக்கம் சுவரோடு சுவராக இருந்தது. மங்களூரிலிருந்து வந்திருந்த அவருடைய அண்ணன் வலது காதருகே குனிந்து, கணீரென்ற குரலில் நமசிவாய, நமசிவாய என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி கரண்டியால் பால் ஊற்றினார். அது கடைவாயில் வழிந்தது. அறை நிறைய உறவுக்காரர்கள். நான் வாசற்படியில் நின்றேன்.

சகலையின் கண் பாதி திறந்திருந்தது. அது யாரையோ தேடியது. நான் நினைத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். சுவர்ப் பக்கம் போகவேண்டுமானால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். கிடக்கிறவரைத் தாண்டுவது எங்களில் செய்யக்கூடாத காரியம். வேறு வழியில்லை, அத்தனை பேர் முன்னால் நான் வாயைத் திறக்கவேண்டும். அவர் மூச்சு ஒன்று போனது. அடுத்தது வர நேரமானது.

"அந்தக் காது கேக்காதுங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

"அண்ணி!" என்று கத்திவிட்டேன். "அவருக்கு வலது காது கேக்காது! செவிடு!"

வீடே திரும்பிப் பார்த்தது. அவருடைய அண்ணன் நிமிர்ந்து, "ஏம்பா, உயிர் போற நேரத்துல மனுசனுக்குக் குறை சொல்ற நேரமா இது?" என்று சீறினார். நான் அவரைப் பார்க்கவில்லை. அண்ணியையே பார்த்தேன்.

"எப்பலேருந்து?" என்று கேட்டார் அண்ணி.

"ரொம்ப வருசமாங்க. ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னாரு. எடது காதுல சொல்லச் சொன்னாரு."

அண்ணி கரண்டியைப் பிடித்தபடி சகலையின் முகத்தைப் பார்த்தார். "அடப் பாவி மனுசா" என்றார். "அப்ப நான் பேசினது எல்லாம்?" கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பாத்துகிட்டு நிக்கறீங்களே, பாயப் புடிங்க. செவுத்த வுட்டு இப்பால இழுங்க."

பாயை இழுத்தார்கள். ஒரு ஆள் நுழைகிற இடம் வந்தது. அண்ணி என்னை அதற்குள் தள்ளினார். சுவர் முதுகில் சில்லென்று பட்டது. குனிந்து அவர் காதருகே வாயைக் கொண்டுபோனேன். பல் கிட்டிக்கொண்டது. சாவு இவ்வளவு பக்கத்தில், என் கன்னத்தில் படுகிற சூடான காற்றாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஓடிவிடலாம் என்று பார்த்தால் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் அவர்.

அப்போதுதான் உதட்டைப் பார்த்தேன். அது அசைந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது மூச்சுக்குத் தவிக்கிற அசைவு. எதிரே உட்கார்ந்து பார்த்தவன் நான். எனக்கு அந்த இடைவெளி தெரியும். ஓர் எழுத்து, உருளை சுற்றுகிற நேரம், அடுத்த எழுத்து. நான் வருவதற்கு முன்பே அவர் தொடங்கியிருந்தார். அந்த அசைவைப் பிடித்துக்கொண்டு நானும் சொன்னேன். நான் அவருக்குச் சொன்னேன் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் முன்னால் போனார், நான் பின்னால் போனேன், அவ்வளவுதான். உதடு எப்போது நின்றது என்று தெரியாது. அண்ணி என் தோளைத் தொட்டு, "போதும் தம்பி" என்ற பிறகும் என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.

கருமாதி எல்லாம் முடிந்து, ஒருநாள் அண்ணியும் என் மனைவியும் கோயிலுக்கு வந்தார்கள். நான் அந்தத் தூணடியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி கேட்டார், "கேட்டுதா தம்பி அவருக்கு?"

"எனக்கு முன்னாடியே சொல்லிகிட்டு இருந்தாருங்க அண்ணி. கேக்க வேண்டிய அவசியமே இல்ல."

அண்ணி அந்தத் தூணில் கை வைத்துப் பார்த்தார். பிறகு, "ஒங்களுக்குப் படம் எடுத்துப் பாத்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க. பயமா இருக்குது."

"இருக்கட்டும். பயந்துகிட்டே போயி எடுங்க" என்றார்.

போய் எடுத்தேன். ஓரத்தில் கொஞ்சம் படிந்திருக்கிறது என்றார் டாக்டர். சூளை வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஒரு கடைக்கு வாட்ச்மேன். மாடிப்படி ஏறினால் இரைக்கிறது. சாயங்காலம் கோயிலுக்குப் போய் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு உட்காருகிறேன். நெஞ்சு அடிக்கிற அடியில் ஓர் எழுத்தை வைக்கிறேன். அடுத்த அடி வருமா என்ற பயம் இன்னும் அப்படியே இருக்கிறது. வந்த பிறகு அதன் மேல் இன்னொரு எழுத்து. எழுந்து ஓடுவதில்லை, முடிந்த மட்டும் இருக்கிறேன். விரலை எடுத்ததும் வாசலில் பூக்காரம்மா யாரையோ வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருப்பது இரண்டு காதிலும் வந்து விழும். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன்.